மாரியப்பன் வண்டி மலை ஏறிய நாள்

போன வாரம் செம்பூரிலிருந்து குர்லாவுக்குப் போக மகள் போனில் ஒரு வண்டி பிடித்துக் கொடுத்தாள். பாதி வழியில் மூக்கில் ஒரு வாசம் ஏறியது. வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி இனிப்பாக ஒரு கருகல். ரேடியேட்டர் தண்ணி கொதிக்கிறது என்று எனக்கு மூக்கே சொல்லிவிட்டது. டிரைவருக்கு ஒரு விளக்கு எரிந்த பிறகுதான் தெரிந்தது. ஓரம் கட்டினான். கூலிங் வேலை முழுக்கப் பார்த்து ஒரு வாரந்தான் ஆகிறதாம். நான் இறங்கி பானெட்டில் கை வைக்கப் போனேன். "அங்கிள், ஹாத் மத் லகாவ், வாரன்டி ஜாயேகா" என்றான். கை வைத்தால் வாரன்டி போய்விடுமாம். என் கையை! தாராவியில் இந்தக் கை படாத டாக்ஸி கிடையாது, தெரியுமா உங்களுக்கு?

நாலாங்கிளாஸ் தாண்டாத மெக்கானிக் நான். அதுவும் நாலாவதில் ரெண்டு வருஷம் உட்கார்ந்தவன். ஆனால் எஞ்சின் பேசினால் எனக்கு அர்த்தம் புரியும். தான் பேசினால்தான் எனக்குப் புரியாது என்பாள் வீட்டுக்காரி, அது வேறு கதை.

அந்த வாசம் இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம் மாரியப்பன் வண்டி. சால் என்கிற வரிசை வீடுகளில் மாரியப்பன் எனக்கு அடுத்த வீடு. மாட்டுங்கா ஸ்டேஷன் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டினான். கறுப்பு மஞ்சள் வண்டி. பழைய எஞ்சின் செத்த பிறகு குர்லா பங்கார் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், ஒரு வெளிநாட்டு டீசல் எஞ்சினை வாங்கி உள்ளே உட்கார வைத்திருந்தோம். அப்போது பாதி பம்பாய் டாக்ஸி அப்படித்தான் ஓடியது. மேலே ஒரு ஊர், உள்ளே ஒரு ஊர். நம்மை மாதிரி.

அவன் மகள் செல்விக்குப் புனாவில் மாப்பிள்ளை. சம்பந்தி கிர்க்கியில் சொந்த வீட்டுக்காரர், வாய் கொஞ்சம் நீளம். நிச்சயத்துக்கு வந்தபோது மாரியப்பனைப் பார்த்து, "டாக்ஸியிலயா பொண்ணக் கொண்டாரப் போறீரு? அது கண்டாலா மலை ஏறுமா? எதுக்கும் டிரெயின் டிக்கெட்டும் எடுத்து வச்சுக்கிடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாரியப்பன் சிரிக்கவில்லை. "எம் மவ என் வண்டியிலதான் வருவா" என்றான். டிக்கெட்டும் எடுக்கவில்லை. பிடிவாதக்காரன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வண்டியை என்னிடம் விட்டான். ரேடியேட்டரைக் கழற்றி அலசி, பம்ப் மாற்றி, குழாயெல்லாம் புதிதாகப் போட்டேன். சயான் பாலத்து ஏற்றத்தில் வண்டியின் மூக்கை மேலே தூக்கி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, காற்றுக் குமிழி கடைசிவரை வெளியே போகிற மட்டும் ஓட விட்டுக் கொடுத்தேன். அப்படி ஒரு வேலை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், சோற்றில் கை வைத்திருக்கிறேன், வாசலில் மாரியப்பன் குரல். "வே, சூட்டு ஊசி செவப்புக்குப் போயிட்டு வே!"

தண்ணி ஊற்றினோம். கொதித்தது. மறுபடி பாலத்துக்குக் கொண்டுபோய்க் காற்று எடுத்தோம். திரும்பி வருவதற்குள் கொதித்தது. மூடியை மாற்றினேன். பெல்ட்டை இறுக்கினேன். தெருவில் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தன் எஞ்சின் ஹெட் போச்சு என்றான், ஒருத்தன் எலுமிச்சம்பழம் சுத்தச் சொன்னான். மாரியப்பன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், உட்காரவே இல்லை. அவன் நடக்க நடக்க எனக்கும் கால் நிற்கவில்லை.

பிறகு ஒன்று செய்தேன். எஞ்சின் கொதித்துக்கொண்டு இருக்கும்போதே ரேடியேட்டரின் அடியில் கையை வைத்தேன். சுடவில்லை! மேலே அடுப்பு, கீழே வெறும் வெதுவெதுப்பு. சூட்டுத்தண்ணி ரேடியேட்டருக்கு வராமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுகிறது.

"வே, உண்மையச் சொல்லும். நான் குடுத்தப்புறம் எதையாவது கழத்துனீரா?"

"ஒண்ணுமில்ல வே."

"மாரியப்பா!"

"அந்த வால்வைத்தான்... ஸ்டாண்டுல எல்லாவனும் கழத்திப் போட்டுட்டுத்தான் ஓட்டுதான். பம்பாய்ல என்ன பனியா பெய்யுது? மலை ஏறணும்லா, தண்ணி தாராளமா ஓடட்டும்னு..."

"எங்க அது?"

"நாலா சாக்கடையில போட்டுட்டேன்."

எஞ்சின் சூடேறும்வரை தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் வால்வு அது. அவன் சொன்னது பொய்யில்லை. பழைய எஞ்சினில் எல்லாரும் அந்த வால்வைத் தூக்கி எறிவோம், ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த எஞ்சினில் அது இரட்டை வேலை பார்க்கும். ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, தண்ணியை எஞ்சினுக்கே திருப்பிவிடுகிற, பெருவிரல் தடிமனில் இருக்கிற குறுக்குக் குழாயை அடைக்கும். வால்வு இல்லையென்றால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணியும் மனுஷன் மாதிரிதான், சுருக்கு வழி இருந்தால் சுற்றிப் போகாது.

வேறு வால்வு வாங்கலாம் என்றால் குர்லாவில் அன்றைக்குக் கடையடைப்பு. அப்படியானால் குறுக்குக் குழாயை அடைத்துவிட வேண்டியதுதான். எதை வைத்து? உருண்டையாக, ஒரு பக்கம் ஒடுங்கி, தண்ணியில் ஊறினால் உப்பி இறுகுகிற மரத்துண்டு வேண்டும். தெருவெல்லாம் கண்ணால் துழாவிக்கொண்டு மாரியப்பன் வீட்டுக்குள் நுழைந்தேன். சீர்ப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே புத்தம் புது சப்பாத்திப் பலகை, அதன்மேல் உருட்டுக்கட்டை. அதன் கைப்பிடியைப் பார்த்ததும் என் வாயிலிருந்து, "அடி சக்க!" என்று வந்துவிட்டது.

மாரியப்பன் பெண்டாட்டி ஓடிவந்து மறித்தாள். "அண்ணாச்சி, சீர் சாமான அறுத்தா வெளங்குமா? அபசகுனம்லா!"

செல்வி உள்ளேயிருந்து கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "ஒரு பக்கம் பிடி போதும் மாமா. அங்க அத்ததான உருட்டப்போறாவ."

"ஏட்டி, வாய மூடுட்டி" என்று அம்மாக்காரி திட்டினாள். திட்டிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததும் நான் அறுத்துவிட்டேன்.

குழாய்க்குள் செருகி ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினேன். எஞ்சினை ஓட விட்டேன். ஊசி பாதியில் வந்து நின்றது. ரேடியேட்டரின் அடி சுட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் கை சுட்டுக்கொண்டது கிடையாது.

விடிந்ததும் கிளம்பினோம். என்னை முன்சீட்டில் உட்கார வைத்தான். பின்னால் மகளும் தாயும் மல்லிகைப் பூவும். மலை தொடங்கியது. லாரிகள் முனகிக்கொண்டு முன்னால் ஊர்ந்தன. வழியெங்கும் பானெட் திறந்த வண்டிகள், கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு டப்பாவில் தண்ணியோடு ஆட்கள். நான் ஊசியைப் பார்த்தேன். மாரியப்பன் என் முகத்தைப் பார்த்தான். "ரோட்டப் பாரும் வே" என்றேன். வளைவுக்கு வளைவு அவன் உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தான். ஊசி கொஞ்சம் ஏறும், நாங்கள் மூச்சை அடக்குவோம், இறங்கும். கடைசி வளைவு தாண்டி மலைமேல் லோனாவாலா கடைகள் தெரிந்தன. வண்டியை நிறுத்தி இறங்கினான். வந்த மலையைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? மகளைப் பெற்ற அன்றைக்குக்கூட அவனுக்கு அந்த முகம் இருந்திருக்காது.

கிர்க்கியில் சம்பந்தி வெளியே வந்தார். பானெட்டை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "வாங்க, காப்பி சாப்பிடுங்க" என்றார். எங்களுக்கு அது போதும்.

இப்போது என் மருமகன் என்னைப் புனாவுக்குக் கூட்டிப் போகிறான். அகல ரோடு, கண்ணாடி ஏற்றியிருக்கும், ஏசி ஓடும், பாட்டு ஓடும். "மாமா, மேல வந்தாச்சு" என்று அவன் சொன்னால்தான் மலை முடிந்ததே எனக்குத் தெரிகிறது. பக்கத்து வண்டிகளை எட்டி எட்டிப் பார்க்கிறேன். ஒருத்தன் போனைப் பார்க்கிறான், ஒருத்தன் கொட்டாவி விடுகிறான். ஏறிவிட்டோம் என்று ஒரு மனுஷன் முகத்தில் தெரியுமே, அதைத்தான் தேடுகிறேன். ஒரு வண்டியிலும் இல்லை.