பதினாலும் பதினைந்தும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். இன்று பேத்தி தன் கலர் கியூப் சுலபமாய்த் திரும்பட்டும் என்று எண்ணெய் விட்டாள். அந்த வாசனையில், இன்று செல்போன் கடைகள் இருக்கிற தேரடியில் அன்றிருந்த திருவிழாக் கடை வந்து நின்றது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எண்ணெய் பூசிய பதினைந்து எண் கட்டைகளைத் தட்டுக்குள் தூக்காமல் நகர்த்தி வரிசையாக்கினால் முகம் பார்க்கும் கண்ணாடி பரிசு. யார் தள்ளினாலும் கடைசியில் பதினாலும் பதினைந்தும் இடம் மாறியே நிற்கும், ஆனாலும் விட மனம் வராமல் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். எனக்குக் கண்ணாடி வேண்டும். கட்டைகளை அடுக்கும்போது மட்டும் கடைக்காரர் ஏன் துணியை இழுத்து மறைக்கிறார்? எங்கள் வீட்டுத் தறியில் இரண்டு இழை மாறினால் தள்ளிச் சரியாகாது, அறுத்துத்தான் கட்ட வேண்டும். இரண்டையும் நகத்தால் பெயர்த்து மாற்றி வைத்தேன்.

"பேத்துட்டியேம்மா, செல்லாது."

"நீ மாத்தி வச்சத நான் திருப்பி வச்சேன். கண்ணாடியக் குடு."

கூட்டம் சிரித்தது. கொடுத்தார்.

"எழுதிக்கினியா கண்ணு? நீயும் எதையாச்சும் மாத்தி வச்சிருப்ப. படிச்சுக் காட்டு."