ட்ரே இல்லாத படம்

இந்த ஊரில் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் போட்டோகிராபரோடு சண்டை போடுகிறார்கள். காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில், ஸ்டூலில் உட்கார்ந்ததுமே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்ததுபோல ஆகிவிடும் முகம். இங்கே விளக்கைத் திருப்பச் சொல்கிறார்கள், "அந்தப் பக்கத்திலிருந்து எடு" என்கிறார்கள். மொராக்கோவிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரியவர், பிரிண்டை மேஜைமேல் போட்டு, "இது என் முகம் இல்லை, என் மச்சான் முகம்" என்று அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில் வேறு படம் எடுக்க வைத்துவிட்டுத்தான் போனார். வந்த புதிதில் இதெல்லாம் எனக்கு மரியாதையில்லாத காரியமாகப் பட்டது. போகப் போகப் பொறாமையாக இருந்தது. தன் முகத்துக்காக வாயைத் திறக்கலாம் என்பதே தெரியாமல் இருபத்தைந்து வயதுவரை இருந்திருக்கிறேன்.

நான் இருப்பது பேர்ஷேவாவில், பாலைவனத்தின் ஓரத்தில். என் நைனா பைபிளில் பெயெர்செபா என்று வாசிப்பாரே, அதே ஊர்தான். இப்போது பஸ் நிலையமும் வரிசை வரிசையாக சிமென்ட் வீடுகளும் புழுதியுமாக இருக்கிறது. என் கணவர் எலியா கொச்சி யூதர். சென்னையில் போட்டோ காகிதம் விற்கும் கடையில் வேலை பார்த்தபோது மாதம் ஒருமுறை காஞ்சிபுரத்துக்குச் சரக்கு கொண்டுவருவார். அப்படித்தான் பழக்கம். அவர் குடும்பம் முன்பே இஸ்ரேலுக்கு வந்துவிட்டதால் கல்யாணத்துக்குப் பிறகு நாங்களும் வந்தோம். என் பெயர் எஸ்தர் என்பதால் இங்கே பாதிப் பேர் என்னை யூதப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கிறிஸ்தவப் பெயரும்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. ருமேனியாவிலிருந்து வந்த யாக்கோவ் என்பவருடைய ஸ்டுடியோவில் ஆறு வருடமாக பிரிண்ட் போடுகிறேன், நெகட்டிவில் பென்சிலால் ரீடச்சிங் செய்கிறேன்.

இந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்டது காஞ்சிபுரத்தில். ஊருக்கு வெளியே உள்ள எங்கள் காலனியிலிருந்து நைனா தினமும் போய் ஒரு ஸ்டுடியோவைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி தெலுங்கு பேசுகிற நாயுடு, கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் கை நடுங்காது என்பதைப் பார்த்துவிட்டு டார்க்ரூமில் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருடத்தில், ஊரிலுள்ள கல்யாணப் பெண்களின் கன்னத்துத் தழும்பையெல்லாம் பென்சிலால் மறைப்பவள் நான்தான் என்றாகிவிட்டது. அது என் கை என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

ஒருநாள் ஒரு பட்டு ஜவுளிக்கடைக்காரர் காலண்டருக்குப் படம் எடுக்க வந்தார். ஒரு பெண்ணுக்கு அரக்கு நிறப் பட்டு கட்டி நிறுத்தியிருந்தார்கள். நாயுடு கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி, "கொசுவம் உடையுது, யாராச்சும் பாருங்கபா" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் டார்க்ரூமிலிருந்து வந்து, குனிந்து, மடிப்பை நீவிச் சரிசெய்தேன். அரை நிமிட வேலை. படமும் எடுத்தாகிவிட்டது. அதன் பிறகுதான் கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"யாருபா இந்தப் பொண்ணு? எந்தத் தெரு?"

கையில் துடைப்பத்தோடு நின்ற நைனாதான் எங்கள் காலனியின் பெயரைச் சொன்னார், ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"இந்தப் புடவை அம்மன் கோயிலுக்குப் போகவேண்டியதுபா. இனிமே எப்படி குடுப்பேன்?" என்றார் கடைக்காரர். புடவையை அவிழ்க்கச் சொல்லி வேறொன்று கட்டி, இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அவர்கள் போனபின் நாயுடு என்னிடம், "தப்பா நெனச்சிக்காதம்மா. ஆளுங்க இருக்கும்போது நீ உள்ளேயே இரு. அவ்ளோதான்" என்றார்.

இரண்டாவது படம் சரியாக வரவில்லை. அதனால் முதல் படத்தையே காலண்டரில் போட்டார்கள். நான் தொட்டதால் கோயிலுக்கு ஆகாமல் போன அந்தப் புடவை, நான் நீவிய அதே கொசுவத்தோடு, அந்த வருடம் முழுக்க காந்தி ரோடு கடைகளில் தொங்கியது. நைனாவுக்கும் ஒரு காலண்டர் கொடுத்தார்கள். அவர் அதை வீட்டில் மாட்டினார்.

"இத்த எதுக்கு மாட்டிக்கினு இருக்க நைனா?"

"தேதி பாக்கறதுக்கு வோணும்மா" என்றார். பத்து நாள் நான் அவரோடு பேசவில்லை.

போன மாதம் இங்கே ஒரு கண்காட்சி நடந்தது. யாக்கோவும் உள்ளூர் போட்டோகிராபர்கள் இரண்டு பேரும் எடுத்த, இந்த நாட்டின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் படங்கள். நகர மண்டபத்தில் வைப்பதாக ஏற்பாடு. ஏறக்குறைய எல்லாப் படங்களையும் பிரிண்ட் போட்டது நான்தான். பஸ் நிலையத்தில் துணிமூட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கும் பட்டாளத்துப் பையன்கள். வாசலில் மண் அடுப்பு கட்டி ரொட்டி சுடும் மொராக்கோ பெண்கள். மூட்டை முடிச்சோடு புது வீட்டின் முன்னால், உள்ளே போகத் தயங்கி நிற்கும் ஒரு குடும்பம். டெவலப்பர் தண்ணீரில் ஒவ்வொன்றாக முகம் தெளிந்து வரும்போது, தெருவில் நடந்து போய்த் தெரிந்துகொண்டதைவிட இந்த ஊரை நான் அதிகமாகத் தெரிந்துகொண்டேன். சந்தோஷமாகத்தான் வேலை செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படங்களில் ஒன்று, பாலைவனத்தில் ஆடு வளர்க்கும் பெதூயின் அரபுப் பெண்ணுடையது. ஒரு பெரிய மேட்டின்மேல் ஆடுகளோடு நிற்கிறாள். அவளுக்கு முன்னால், படத்தின் குறுக்கே, அரசாங்கம் போட்ட முள்கம்பி வேலி. அந்தப் பக்கம் அவள் போகமுடியாது. யாக்கோவ் நெகட்டிவைக் காட்டி, "கம்பி கண்ணை உறுத்துகிறது, எடுத்துவிடு" என்றார். நெகட்டிவில் கம்பி மெல்லிய வெளிறிய கோடாகத்தான் தெரியும். அதன்மேல் பென்சிலை ஓட்டினால் பிரிண்டில் காணாமல் போய்விடும். கன்னத்துத் தழும்பை மறைக்கிற அதே வேலைதான். ஒரு முழுநாள் உட்கார்ந்து வேலியை மறைத்தேன். 'பாலைவனத்தின் மகள்' என்று அதற்குக் கீழே அட்டை எழுதினார்கள். சுத்தமாக வந்திருக்கிறதே என்று எனக்கு அன்று பெருமைகூட இருந்தது.

கண்காட்சிக்கு முந்தின நான்கு நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் வேலைக்குப் போகவில்லை. தொடக்க நாளன்று மாலை எலியாவோடு மண்டபத்துக்குப் போனபோது, வாசலுக்கு நேரே இருந்த சுவரில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாக, என் படம் தொங்கியது.

ஸ்டுடியோவின் பின்கட்டுக் குழாயடி. சில நாள் நான் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன், வெயிலுக்கு அதுதான் சுகம். பிரிண்டுகளை ட்ரேயில் போட்டு அலசிக்கொண்டிருந்தவள், தாங்கமுடியாமல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடிச் சிரிக்கிறேன். நல்ல படம். ஆனால் ட்ரே இல்லை. கீழ் ஓரத்தில் அதன் விளிம்பு மட்டும் ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரிகிறது. அது என்னவென்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கீழே அட்டையில் எழுதியிருந்தார்கள்: 'இந்தியாவிலிருந்து வந்த பெண். குழாய்த் தண்ணீரோடு முதல் நாள்.'

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காஞ்சிபுரத்தில் குழாய் இல்லையா? தெருவுக்குத் தெரு இருந்தது. எங்கள் காலனி முழுவதற்கும்தான் ஒன்றே ஒன்று. அந்தப் பொய்யைப் பொய் என்று சொல்லப் போனால், அதற்குள் இருக்கும் இந்த உண்மையையும் நான் விழுங்கவேண்டியிருந்தது. அதுதான் அதிகமாக எரிந்தது.

கூட்டத்தில் நின்ற யாக்கோவிடம் போய், "இது முதல் நாள் இல்லை. ஆறு வருடம்" என்றேன்.

அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். "நீ அழகாகத்தான் இருக்கிறாய், எஸ்தர். எல்லோரும் இந்தப் படத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள்."

"ட்ரேயை ஏன் வெட்டினீர்கள்?"

"ட்ரே இருந்தால் அது ஒரு வேலைக்காரியின் படம். இல்லாவிட்டால் அது ஒரு நாட்டின் படம்" என்றார், பொறுமையாக.

நான் அந்த அட்டையைப் பிடுங்கி நான்காகக் கிழித்தேன். எலியா என் முழங்கையைப் பிடித்து, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றார். போகும்போது, பெதூயின் பெண்ணின் படத்தைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டியிருந்தது. அவள் பெயர் என்ன என்று அத்தனை நாளில் நான் ஒருமுறைகூட யாக்கோவிடம் கேட்டதில்லை. அவள் முன்னால் இருந்த வேலியை எடுத்தது என் கை. வாசலில் நின்று அழுதேன். எலியா என் படத்துக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை யாக்கோவ் வருவதற்கு முன்பே ஸ்டுடியோவைத் திறந்தேன். என் நெகட்டிவை எடுத்து, வெட்டாமல், முழுசாக பிரிண்ட் போட்டேன். ட்ரேயும் அதில் மிதக்கும் படங்களும் வந்தன. பிறகு பெதூயின் பெண்ணின் நெகட்டிவை எடுத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் என் பென்சில் பூச்சைத் துடைத்தேன். முள்கம்பி ஒவ்வொரு இழையாகத் திரும்பி வந்தது. இரண்டு பிரிண்டையும் காயவைத்து, எடுத்துக்கொண்டு போய் மண்டபத்தில் பழைய படங்களைக் கழற்றிவிட்டு மாட்டினேன். காவலாளிக்கு என்னைத் தெரியும் என்பதால் தடுக்கவில்லை.

யாக்கோவ் மத்தியானம் வந்தார். வேலி தெரிகிற படத்தின் முன்னால் போய் நின்றார். பிறகு அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "இது உன் விஷயம் இல்லை" என்றார். "அதை மறைத்தவள் நான்தானே?" என்றேன். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சுவரில் கடைசிவரை ஆணி மட்டும்தான் இருந்தது. இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது பாதியில் நின்றுபோன காரியம்.

என் படத்தை அவர் தொடவில்லை. போகும்போது, "சரி, உன் படத்துக்கு அட்டையை நீயே எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். நின்றபடியே எழுதினேன். 'எஸ்தர். இந்த மண்டபத்திலுள்ள படங்களை பிரிண்ட் போட்டவள்.' எபிரேயத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருந்ததாகப் பிறகு மகள் சொன்னாள். மற்ற அட்டைகளில் இருப்பதுபோல, எந்த ஊரிலிருந்து வந்தவள் என்பதையும் சேர்க்க நினைத்தேன். தமிழில் முதலில் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டுத்தான் 'இருந்து' என்போம். எபிரேயத்தில் அது 'மேம்' என்கிற ஒரே எழுத்து. அது முன்னால் வரும், ஊர்ப்பெயர் அதோடு ஒட்டிக்கொள்ளும். நான் மேம் எழுதினேன். காஞ்சிபுரம் என்று ஒட்டலாம் என்று பார்த்தேன். ஆளுங்க இருக்கும்போது உள்ளேயே இரு என்ற ஊரை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதக் கை போகவில்லை. சாயங்காலம் எலியாவோடு படம் பார்க்க வந்த என் மாமியார் கொச்சி என்று எழுதச் சொன்னார், அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. எலியா, "பேர்ஷேவா என்றே போடேன்" என்றார். பெயெர்செபா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அது நைனாவின் குரலில்தான் கேட்டது.

கண்காட்சி முடிகிறவரைக்கும் அந்த அட்டை அப்படியே இருந்தது. என் பெயர், என் வேலை, அதன்பின் எந்த ஊரோடும் ஒட்டாமல் ஒற்றை எழுத்து. படிக்கிறவர்கள் அதையும் மூன்றாவது பிழை என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.