மலசலகூட விண்ணப்பத்தில் என் நீல மை

மனைவியின் நானா, அவளுக்கு மூத்த சகோதரர், கத்தாரிலிருந்து வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் போனும் சென்டும் சொக்லட்டும் கொண்டுவந்தார். எனக்கு மட்டும் ஒரு மைப்பேனையும் ஒரு போத்தல் நீல மையும். வாத்தியாருக்கு வேறென்ன தேவை என்று மனிதர் முடிவு செய்திருக்கிறார். நான் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன். அந்தப் போன்களில் ஒன்று என் பக்கம் வந்திருக்கலாம் என்றுதான் உள்ளுக்குள் இருந்தது.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். அதுவும் வில்கமுவப் பக்கம் ஒரு சிங்களப் பாடசாலையில், இரண்டாம் மொழியாக. வீடு மாத்தளை டவுனில். இடையில் இரண்டு பஸ், அதில் ஒன்று வந்தால்தான் உண்டு. மூன்று வருடத்தில் இடமாற்றம் தருவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏழு வருடம் ஆனது, சொன்னவரே இரண்டு முறை மாறிப் போய்விட்டார். மனைவிக்கு டவுனில் மருந்துக் கடையில் வேலை, அதை விட்டுவிட்டு அவளால் வர முடியாது. எங்கள் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டுப் போய், ஞாயிறு பகல் திரும்பிவிடுவேன். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பந்தா.

அந்தப் பந்தாவைச் சொல்கிறேன். வில்கமுவையில் பள்ளிக்கூடம் விட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நான் இருந்தது ஒரு விவசாயியின் வீட்டோடு ஒட்டிய அறை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டிராக்டர். பின்னேரங்களில் அந்த மைப் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் பொழுதுபோக்கு. பிறகு கொஞ்சம் பைத்தியம்.

தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியின் தாள் நல்ல பிள்ளை. மை விழுந்த இடத்திலேயே நிற்கும், அடுத்த வரியைத் தொடாது. பிள்ளைகளின் எண்பது பக்கக் கொப்பி அப்படியில்லை. இந்தப் பக்கம் சரி போட்டால் மறுபக்கமும் ஒரு சரி தெரியும். இதனால் பிழையான விடைக்குப் புள்ளி கிடைத்த பிள்ளைகள் பலர், ஒருவர்கூட வந்து முறையிட்டதில்லை. போட்டோக்கொப்பித் தாள் அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும், தானாக ஒன்றும் செய்யாது. மாமனார் மாத்தளையில் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவர். அவருடைய ஸ்டோரில் கிடந்த தாள் ஒன்றையும் கொண்டுவந்து பார்த்தேன். எண்ணெய் ஊறிய இடத்தில் மை ஒட்டவே இல்லை, மணி மணியாக உருண்டு ஓடியது. அந்தத் தாளில் கையெழுத்து வைத்தால் வாசனை மட்டும்தான் மிஞ்சும்.

எல்லாவற்றிலும் கேவலமானது ஹாஃப் ஷீட். சோதனைக்கும் லீவுக் கடிதத்துக்கும் நாடு முழுக்க நம்பியிருக்கும் அதே மங்கல் தாள்தான். பேனை பட்டதும் உறிஞ்சத் தொடங்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் பூரான் போலக் கால் முளைக்கும். ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தால் அது மிளகு அளவுக்கு வீங்கிவிடும். இந்தத் தாளை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

பிறகு ஒருமுறை ஊருக்குப் போனபோது அச்சகம் வைத்திருக்கும் சிநேகிதன் ஒருவன், கல்யாண கார்ட் அடித்து மிஞ்சிய தாளில் ஒரு கட்டுத் தந்தான். வழுவழுப்பான தடித்த ஆர்ட் தாள். அதில் எழுதிய அன்று எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. மை தாளுக்குள் போகவே இல்லை. மேலே அப்படியே நின்றது, ஈரமாக, நீலமாக, எழுத்தின் ஓரத்தில் செம்பு நிறம் மினுங்க. காய அரை மணித்தியாலம் பிடித்தது. அதனாலென்ன? நல்ல தாள் என்றால் மையைத் தலையில் வைத்துத் தாங்க வேண்டும், குடித்துத் தீர்க்கக் கூடாது என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். அன்று என்னிடம் மறுத்துப் பேச அங்கே இருந்தது டிராக்டர் மட்டும்தான்.

அந்த வருடம் இடமாற்ற மேன்முறையீட்டுக்குச் சுற்றறிக்கை வந்தது. சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும், அதிபர் பரிந்துரைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஆர்ட் தாளை எடுத்தேன். சிங்களத்தில்தான் எழுதினேன். தமிழில் எழுதினால் மொழிபெயர்க்க யாராவது கிடைக்கும்வரை கடிதம் கிடக்கும், அந்த மொழிபெயர்ப்பையும் கடைசியில் என்னையே செய்யச் சொல்வார்கள். மூன்று பக்கம். ‘தேசிய நல்லிணக்கத்தின் பொருட்டு’ இரண்டு இடத்தில் வந்தது. ‘காலநிலை ஒவ்வாமை’ வந்தது. ‘எனது அர்ப்பணிப்பு மிக்க சேவை’ பக்கத்துக்கு ஒன்று. மனைவியும் மகளும் மூன்றாம் பக்கக் கடைசியில் ‘குடும்பக் காரணங்கள்’ என்று இரண்டு சொல்லில் அடங்கினார்கள்.

காய வைப்பதற்காக ஆசிரியர் அறை மேசையில், காற்றாடிக்குக் கீழே பரப்பி வைத்தேன். அவசரத்துக்குச் சோக்கைத் தட்டித் தூளும் தூவினேன். விஞ்ஞான ஆசிரியர் குனிந்து பார்த்தார்.

“சேர், இது மாற்றத்துக்கா, கல்யாணத்துக்கா?”

“மாற்றத்துக்குத்தான்.”

“நானென்றால் பெண்ணைக் கொடுத்துவிடுவேன்.”

அதிபர் மூன்று பக்கத்தையும் தடவிப் பார்த்தார். வாசித்தாரா தெரியாது. கடைசிப் பக்கத்தின் அடியில் ‘பரிந்துரைக்கிறேன்’ என்று போல்பொயின்ட் பேனையால் அழுத்தி எழுதி, ஒப்பமிட்டு, முத்திரை குத்தினார். அன்றே வலயக் கல்விக் கந்தோருக்குப் போகும் மற்றக் கடிதங்களோடு சேர்த்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனார். வழியில் மழை. கடிதங்களை அவர் சொப்பிங் பையில் சுற்றித்தான் வைத்திருந்தார், பையின் வாய் எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் கேள்வி.

பத்து நாள் கழித்துக் கந்தோரிலிருந்து அதிபருக்குப் போன் வந்தது. தமிழ் ஆசிரியரை மெடம் நேரில் வரச் சொல்கிறார் என்றார்கள். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். மனைவிக்குச் சொன்னேன். அவள், “நான் அல்மாரியில ஒரு தட்டு காலி பண்ணுறேன்” என்றாள். ஏழு வருடமாக என் சட்டைகளுக்கு அந்த வீட்டில் தட்டு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இடமாற்றங்களைப் பார்க்கும் மெடம் பென்ஷனை நெருங்கியவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருப்பவர். உட்காரச் சொன்னார். மேசையில் மூன்று தாள்களை எடுத்துப் போட்டார். ஆர்ட் தாள்தான், என் தாள்தான். எழுத்துத்தான் இல்லை. அங்கங்கே நீலமாக ஒரு மேகம், கொஞ்சம் சோக்குத் தூள். கடைசித் தாளின் அடியில் மட்டும் அதிபரின் போல்பொயின்ட் எழுத்து, ஒரு கீறல்கூடக் கலையாமல்: பரிந்துரைக்கிறேன்.

“உங்கள் அதிபர் எதையோ பரிந்துரைத்திருக்கிறார்” என்றார் மெடம் சிங்களத்தில். “எதை என்று சொன்னீர்களென்றால் நல்லது.”

நான் வாயைத் திறக்குமுன் இன்னொரு தாளை எடுத்தார். ஹாஃப் ஷீட். எங்கள் பாடசாலைப் பெண் பிள்ளைகளின் மலசலகூடத்தைத் திருத்தித் தரும்படி அதிபர் எழுதிய விண்ணப்பம். கடிதக் கட்டுக்குள் என் கடிதத்துக்கு மேலே இருந்தது அதுதான். மழை நனைத்ததும், முதல் ஆர்ட் தாள் தலையில் வைத்துத் தாங்கிய என் மை முழுவதையும் இந்தத் தாளின் முதுகு உறிஞ்சிக் குடித்திருக்கிறது. பின்பக்கம் திருப்பினால் என் முதல் பக்கம் இடம் வலம் மாறிக் கிடந்தது. முன்பக்கம் பார்த்தால் அதே எழுத்து ஊடுருவி வந்து, நேராக, அதிபரின் வரிகளுக்கு இடையில் நின்றது. மற்ற இரண்டு பக்கமும் ஒன்றையொன்று துடைத்து அழித்துக்கொண்டன.

மெடம் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, வரி மாறாமல் வாசித்தார்.

“பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவு இல்லாத நிலையில், நான் அங்கு ஏழு வருடங்களாக அர்ப்பணிப்பு மிக்க சேவை ஆற்றி வருகிறேன். குழாயில் தண்ணீர் வராத காரணத்தினால், தேசிய நல்லிணக்கத்தின் பொருட்டு...”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் இருந்த கிளார்க்மார் மூன்று பேரும் ஃபைல்களுக்குள் தலையை விட்டார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இந்த வருடமும் போய்விட்டது. அல்மாரித் தட்டு காலியாகிக் கிடக்கிறது. வீட்டில் என்ன சொல்வது?

“முடிவு திகதி இன்றைக்குத்தான்” என்றார் மெடம், சிரிப்பை முடித்துக்கொண்டு. “இங்கேயே எழுதித் தாருங்கள். அதிபரின் பரிந்துரை இருக்கிறதுதானே, அதோடு சேர்க்கிறேன்.”

ஒரு ஹாஃப் ஷீட்டை நீட்டினார். கிளார்க் ஒருவர் போல்பொயின்ட் நீட்டினார். என் வீம்பைச் சொல்ல வேண்டும், “என்னிடம் இருக்கிறது” என்று சட்டைப் பையிலிருந்து மைப்பேனையை எடுத்தேன்.

முதல் எழுத்திலேயே கால் முளைத்தது. சின்னதாக எழுதினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நீளச் சொற்கள் முடிவதற்குள் சேறாகின. ‘அர்ப்பணிப்பு’ என்பதற்கான சிங்களச் சொல்லைப் பாதியில் வெட்டினேன். அதை வாசிக்கவும் முடியாது, அது உண்மையும் இல்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், பெரிய எழுத்தில், சின்னச் சொற்களாக எழுதத் தொடங்கினேன். ஏழெட்டு வரிக்குத்தான் இடம் இருந்தது.

எனக்கு ஒரு மகள். மூன்றரை வயது. நான் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால் உம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். சனிக்கிழமை தூரத்தில் நின்று பார்ப்பாள். ஞாயிறு காலையில் மடிக்கு வருவாள். ஞாயிறு பகல் எனக்கு பஸ். அடுத்த முறை போனால் திரும்பவும் முதலில் இருந்து. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

இவ்வளவுதான். எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. ஏழு வருடத்தில் எழுதிய நான்கு மேன்முறையீட்டிலும் இது இருக்கவில்லை.

மெடம் வாசித்தார். மீண்டும் வாசித்தார். பிறகு தேநீர்க் கோப்பையின் தட்டில் சிந்தியிருந்த ஈரத்தில் பெருவிரலைத் தொட்டு, கடைசி வரியில் அழுத்தித் தேய்த்தார். நீலம் கொஞ்சம் பரவியது. சொற்கள் அப்படியே இருந்தன.

“இது போகாது” என்றார். திகதி முத்திரை குத்தி ஃபைலில் வைத்தார்.

மலசலகூடம் முதலில் வந்தது, கதவோடு. என் மாற்றம் ஜனவரியில் வந்தது, மாத்தளையிலிருந்து பத்து நிமிட பஸ் தூரத்தில் ஒரு பாடசாலைக்கு. சாமான்களைக் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். மகள் வழக்கம் போல ஒளிந்தாள். சனிக்கிழமை தூரத்தில் நின்று பார்த்தாள். ஞாயிறு காலையில் மடிக்கு வந்தாள். பகல் சாப்பாடு முடிந்ததும் எழுந்து போய், என் பயணப் பையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என்னை வழியனுப்ப அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

நான் தரையில் குந்தினேன். “வாப்பா இனி போக மாட்டேன் மகள். இங்கதான் இருப்பேன்.”

அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஒரு சிக்கலைக் கண்ட யோசனைதான் இருந்தது. உள்ளே அறையைத் திரும்பிப் பார்த்தாள், உம்மாவோடு அவள் படுக்கும் கட்டிலைப் பார்த்தாள்.

“அப்ப நீங்க எங்க படுப்பீங்க?” என்று கேட்டாள்.

குசினியில் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.