சித்தப்பாவைக் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போனேன்

அப்பாவின் கைகால்கள் தானாக ஆடத் தொடங்கியபோது, குடிதான் காரணம் என்று ஊர் முழுக்கச் சொன்னவர் சித்தப்பா. அப்பா சாகும்வரை ஒரு சொட்டு குடித்ததில்லை. அது மூளையை அரிக்கும் பரம்பரை நோய் என்று, அவர் போன பிறகு என் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் தெரிந்தது. எனக்கும் அது வரும்.

அதன் பிறகு ஒரகடம் கம்பெனியில், அசெம்பிளி லைனில் நிற்கும்போது ஒரு ஸ்க்ரூ கை நழுவினாலும் ஆரம்பித்துவிட்டதோ என்று பதறினேன். சோதனை செய்த மருத்துவமனையிலேயே கவுன்சிலிங்குக்குப் போகத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டில் கவுன்சிலிங் என்றால் காலேஜ் சீட்டு.

"டிப்ளமோ முடிச்சிட்ட, வேலையும் கீது. மகாராணிக்கு இன்னும் இன்னா சீட்டு வோணும்?" என்று கேட்டார் சித்தப்பா. மனசுக்குப் பார்க்கும் கவுன்சிலிங் என்று தெரிந்ததும் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சிரித்தார்: "அண்ணன் குடிச்சிட்டு ஆடுனான். பொண்ணு குடிக்காமலே லூசாயிடுச்சி."

சிரித்தவரின் கையில் டீ கிளாஸ். விரல்கள் அப்பாவின் விரல்களைப் போலவே தனியாக ஆடிக்கொண்டிருந்தன. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மூன்று மாதம் அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் வீட்டு விசேஷத்தில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

"சித்தப்பா கை ஆடுறதப் பாத்தா மனசுக்கு நல்லா இருக்கு மேடம்" என்று கவுன்சிலரிடம் சொன்னேன்.

அவர் கண்டிக்கவில்லை. "அவருக்குப் பசங்க இருக்காங்களா?" என்றார்.

ஒரு மகள். ப்ளஸ் டூ படிக்கிறாள். கணக்கில் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவாள்.

அவளுக்காக, அப்பாவின் நோயைப் பற்றியும் ஆடும் அந்தக் கையைப் பற்றியும் சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தப்பா கத்தினார். மூன்றாம் நாள் தானாக வந்தார். டெஸ்டுக்கு முன்னால் என் கவுன்சிலரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அங்கியா?"

"அங்கியேதான்."

மருத்துவமனை பெஞ்ச் முழுக்க ஆட்கள். எங்கள் ஊர்க்காரர்களும் இரண்டு பேர். சித்தப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. போர்டைக் காட்டி, "இன்னாம்மா எழுதிகீது?" என்று காதோடு கேட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். "மனநலப் பிரிவு" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

அவர் முறை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"நீயும் வாம்மா. பயமா கீது."

"எங்கப்பா குடிக்கலன்னு சொல்லு சித்தப்பா, வர்றேன்."

சுற்றும் பார்த்தார். "குடிக்கல" என்று முனகினார்.

"கேக்கல" என்றேன்.