வாபஸ் சாருக்குப் பலித்த ஒரே வாபஸ்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றின் மூன்றாவது மாடியில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருக்கும் சர்வீஸ் மேலாளருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. மெக்கானிக்குகளிலிருந்து மாடிப்படி பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவர் வாபஸ் சார். அந்தப் பெயரை யாரும் அவருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. மனிதர் பாடுபட்டுச் சம்பாதித்தது.

கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லி, மறுவாரம் வேண்டாம் என்று சொல்லி, அதற்கடுத்த வாரம் எதுவுமே நடக்காதது போலப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தவர் அவர். கோபம் வந்தால் வீட்டை விட்டே போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். தெருமுனைக்கு பஸ் வருவதற்குள் கண்ணாடியை மறந்துவிட்டதாக ஞாபகம் வரும். திரும்பி வந்து, கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். மனைவியும் தட்டை வைத்துவிடுவார். இத்தனை வருஷத்தில் மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு தடவையும் வந்ததில்லை. சொன்னதைச் சொல்லவே இல்லை என்று ஆக்கிவிட்டால் எதற்கு மன்னிப்பு என்பது அவருடைய சித்தாந்தம்.

இப்படிப்பட்டவர் கையில் அலுவலக மெயிலில் ரீகால் என்று ஒரு பொத்தானைக் கொடுத்தால் என்ன ஆகும்? அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறலாம் என்று அதில் எழுதியிருந்ததைப் பார்த்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன் குணத்தை மதித்து எவரோ ஒருவர் ஒரு கருவியே செய்து அனுப்பியிருக்கிறார் என்று பூரித்துப் போனார். அதற்கு முன் யோசித்து யோசித்துத் திட்டியவர், அதற்குப் பிறகு யோசிக்காமலே திட்ட ஆரம்பித்தார்.

காலையில் ஒரு மெயில் சீறிக்கொண்டு போகும். டீ குடித்துச் சூடு ஆறியதும், "இன்னார் இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்" என்று இன்னொன்று அதன் பின்னாலேயே ஓடும். வழக்கமாக அவர் எழுதும் மெயிலைத் திறந்துகூடப் பார்க்காமல் வேறு ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவார்கள். எல்லாம் நீட்டி முழக்கிய உபதேசம். ரீகால் வந்துவிட்டால் போதும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு முதல் மெயிலைத் தேடிப் படிப்பார்கள். தன் எழுத்துக்குத் தானே தண்டோரா போட்டுக்கொள்கிறோம் என்பது அவருக்கு மட்டும் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர் ஒருமுறை பொறுக்கமாட்டாமல் வந்து சொன்னார்.

"சார், ரீகால்னா போய்ப் பிடுங்கிட்டு வர்றதில்ல. நம்ம கம்பெனி மெயில்பெட்டிக்குள்ள இருந்தா மட்டும்தான் ஏதோ வேலை செய்யும். அதுவும் அவங்க இன்னும் படிக்காம இருக்கணும். போன்ல பாத்துட்டாலும் படிச்ச மாதிரிதான். வேற ஃபோல்டருக்குப் போயிருந்தாலும் கஷ்டம். வெளி ஆளுக்குப் போச்சுன்னா போனது போனதுதான், இவரு திரும்பக் கேக்குறாருன்னு இன்னொரு மெயில்தான் அவங்களுக்குப் போய்ச் சேரும்."

"அப்புறம் எதுக்குய்யா அந்தப் பட்டனை வெச்சிருக்கான்?"

"மனசு ஆறுதலுக்குத்தான் சார். வேணும்னா நீங்க அனுப்புற மெயில் எல்லாம் கொஞ்ச நேரம் நம்மகிட்டயே நின்னு, அப்புறம் கிளம்புற மாதிரி வெச்சுத் தர்றேன். அது உருப்படியான வழி. அந்த நேரத்துக்குள்ள மனசு மாறினா அழிச்சுடலாம்."

"என் மெயிலு எதுக்குய்யா காத்துக்கிட்டு நிக்கணும்? நான் என்ன பயந்தவனா?" என்று வாபஸ் சார் அவரைத் துரத்திவிட்டார்.

சாரின் சர்வீஸ் பிரிவையே தாங்கிக்கொண்டிருந்தவர் வேறொருவர். எந்தக் கட்டடத்துக்கு எந்த மெக்கானிக், எந்த நேரத்தில் என்று அட்டவணை போடும் பெண்மணி. மெக்கானிக்குகள் அவரை அட்டவணை அக்கா என்பார்கள். எந்தக் கட்டடத்தில் இயந்திர அறைச் சாவி யாரிடம் இருக்கும், எந்த லிஃப்ட் மழைக்கு மக்கர் செய்யும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாபஸ் சார் செய்யவேண்டிய வேலையையும் சேர்த்தே அவர்தான் செய்துகொண்டிருந்தார். அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சார் அதைக் கவனித்ததும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, பெரிய குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. போகவேண்டிய மெக்கானிக் போகவில்லை. முந்தின நாள் அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அதை யாரிடமும் சொல்ல மறந்தவர் சாட்சாத் வாபஸ் சார்தான். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மெயிலில் சத்தம் போட்டார். சார் கொஞ்சமும் தாமதிக்காமல் அட்டவணை அக்காவுக்குப் பதில் எழுதினார். உனக்கு இந்த வேலைக்குத் தகுதியில்லை, வீட்டில் காய் நறுக்கத்தான் லாயக்கு என்று இன்னும் என்னென்னவோ. மொத்தப் பிரிவுக்கும், இயக்குநருக்கும், போதாததற்கு அந்தச் செயலாளருக்கும் ஒரு பிரதி. தான் எவ்வளவு கண்டிப்பானவர் என்று ஊருக்கே தெரியவேண்டாமா?

ஆளை மாற்றியது நீங்கள்தானே என்று ஒரு மெக்கானிக் போனில் சொன்னபிறகுதான் தப்பு தன்னுடையது என்று அவருக்கு உறைத்தது. உடனே ரீகால். அட்டவணை அக்கா அதற்குள் பஸ்ஸில் வரும்போதே போனில் படித்து முடித்துவிட்டார். படிக்காமல் வேறு ஃபோல்டரில் போட்டிருந்த இரண்டொருவரும் ரீகாலைப் பார்த்துவிட்டுத் தேடிப் படித்தார்கள். குடியிருப்புச் செயலாளர் எல்லாருக்குமாகப் பதில் போட்டார். "உங்கள் மெயில் கிடைத்தது. அதைத் திரும்பப் பெற விரும்புகிறீர்கள் என்ற மெயிலும் கிடைத்தது. லிஃப்ட் சரிசெய்ய ஆள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை."

அட்டவணை அக்கா ஆபீஸ் வந்து சேர்ந்தார். முதலில் மெக்கானிக்கை அனுப்பி லிஃப்டை ஓட வைத்தார். பிறகு போனை எடுத்து, அதிலிருந்த ஆபீஸ் மெயிலையே நீக்கிவிட்டார். வேறொரு கம்பெனி அவரை வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வதாக இயக்குநரிடம் போய்ச் சொன்னார்.

இயக்குநர் வாபஸ் சாரைக் கூப்பிட்டார். "அந்தம்மா போயிட்டாங்கன்னா உங்க செக்‌ஷனைத் தனியா வெச்சிருக்க மாட்டேன். புது லிஃப்ட் மாட்டுற நிறுவல் பிரிவோட சேத்துடுவேன். அங்க நேத்து வந்த புது மேலாளருக்குக் கீழ நீங்க உக்காரணும். போய் ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அவங்க நிப்பாங்க."

வாபஸ் சார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் கூடத்தில் நடந்தார். மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

"ஏங்க, ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோன்னு கேட்டா வாய் வெந்துடுமா?"

"நேர்ல எப்படிடி கேக்குறது? எல்லாரும் பாப்பாங்க."

"அப்ப எழுதியாவது போடுங்க. எழுத்துலதானே திட்டினீங்க?"

மறுநாள் மத்தியானம் எழுதினார். உண்மையைச் சொல்லவேண்டும், நன்றாகவே எழுதினார். தப்பு என்னுடையது, அதை உங்கள் தலையில் கட்டினேன், எல்லார் முன்னாலும் கேவலப்படுத்தினேன், மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் இல்லாமல் இந்தப் பிரிவு ஒரு நாள்கூட ஓடாது என்று நாலே வரி. உபதேசம் இல்லை. அனுப்பியதும் தோளிலிருந்து மூட்டையை இறக்கியது போல இருந்தது.

அந்த நிம்மதி எவ்வளவு நேரம் தாங்கும்? இந்த மெயிலை அவள் இயக்குநருக்குக் காட்டிவிட்டால்? மெக்கானிக்குகளுக்கு அனுப்பிவிட்டால்? வாபஸ் சார் காலில் விழுந்தார் என்று கேன்டீனில் பேசுவார்களே! நாற்காலியில் நெளிந்தார். அப்போதுதான் அந்த மூளையில் ஒரு யோசனை உதித்தது. அவளோ எந்த மெயிலையும் உடனே போனில் படித்துவிடுகிறவள். ரீகால் என்றைக்குப் பலித்திருக்கிறது? இப்போது ரீகால் போட்டால், அவள் மன்னிப்பைப் படித்ததும் படித்ததாக இருக்கும், நாம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் வாங்கிக்கொண்டதாக இருக்கும். காரியமும் ஆகும், கௌரவமும் மிஞ்சும். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம்! மன்னிப்பிலும் கஞ்சத்தனம் பார்க்கிற பிறவியை என்னவென்று சொல்வது?

மறுநாள் காலையில் வந்து மெயிலைத் திறந்தார். ரீகால் வெற்றி என்று ஒரு தகவல் காத்திருந்தது. அத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் கண்டதே இல்லை. ஒரு கணம் சந்தோஷப்படக்கூடச் செய்தார். பிறகு அடுத்த வரியைப் படித்தார். படிக்கப்படாத நிலையில் மெயில் நீக்கப்பட்டது என்று இருந்தது. முன்தினம் மத்தியானம் அட்டவணை அக்கா லீவு. போனில் ஆபீஸ் மெயிலும் இல்லை. அதை நீக்க வைத்தது யாருடைய திட்டு என்று இவருக்கு யார் சொல்வது?

கொஞ்ச நேரத்தில் அட்டவணை அக்காவே அவர் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், நேத்து எனக்கு ஏதோ அனுப்பிட்டுத் திரும்ப எடுத்திருக்கீங்க. எடுத்துட்டாருன்னு மட்டும்தான் வந்திருக்கு. என்ன சார் அது?"

குரலில் கோபம் இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்த நாலு வரியும் சாரின் எதிரே, அனுப்பிய மெயில்களுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டியிருந்தால் போதும். திருப்பவும் வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை முனகியிருந்தாலே போதும். பக்கத்து மேஜைக்காரர் பேனாவைக் கீழே வைப்பது சாருக்குத் தெரிந்தது.

"ஒண்ணுமில்லம்மா. பழைய அட்டவணை. தப்பா வந்துடுச்சு."

"அட்டவணையா?" அவர் லேசாகச் சிரித்தார். "நான்கூட ஒருவேளை... சரி சார், விடுங்க."

சாயங்காலம் வாபஸ் சாரின் மெயில்பெட்டியில் புதிதாக ஒன்று வந்து, படிக்காத மெயிலுக்கே உரிய தடித்த எழுத்தில் நின்றது. அட்டவணை அக்காவின் பெயர், பக்கத்தில் ராஜினாமா. சார் அதைத் திறக்கவில்லை. சுற்றியிருந்த மற்ற எல்லா மெயிலையும் திறந்தார், பதில் போட்டார். அதன் மேல் மட்டும் விரல் பட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டார். எழுந்து நேராகக் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனார்.

"ஏய்யா, நான் ஒரு மெயிலைப் படிக்காமயே வெச்சிருந்தா, அனுப்பினவங்க அதைத் திரும்ப எடுத்துக்கலாம்தானே?"

"எடுத்துக்கலாம் சார்."

"எத்தனை நாளானாலும்?"

"நீங்க திறக்காத வரைக்கும் எடுக்கலாம். ஆனா அவங்களுக்கு எடுக்கணும்னு தோணணுமே சார்."

ராஜினாமா இயக்குநருக்கும் போயிருந்தது. அவர் படித்தார், கையெழுத்துப் போட்டார். பிரிவு நிறுவலோடு சேர்ந்தது. ஜன்னலோர மேஜையும் புது மேலாளருக்குப் போய், வாபஸ் சாருக்குத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓர் இடம் கிடைத்தது. கடைசி நாளன்று அட்டவணை அக்கா ஒவ்வொரு மேஜையாக வந்து விடைபெற்றார். சாரிடமும் வந்தார்.

"என் மெயிலைப் பாத்தீங்களா சார்?"

"இன்னும் படிக்கலம்மா" என்றார் சார். சொல்லிவிட்டு, அவர் ஏதாவது சொல்வாரா என்று முகத்தையே பார்த்தார்.

"மெதுவாப் படிங்க சார், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் லிஃப்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர்காரர் அட்டவணை அக்காவின் மெயில் கணக்கை மூடிவிட்டார். போகிற வழியில் நின்று, "சார், அந்தம்மா கணக்கை எடுத்தாச்சு. இனிமே யாராலயும் எதையும் திரும்ப வாங்க முடியாது. தாராளமாப் படிக்கலாம்" என்றார். வாபஸ் சார் தலையாட்டினார். அந்த மெயில் அவர் பெட்டியில் இன்னும் தடித்த எழுத்தில்தான் இருக்கிறது.