காலியாக விட்ட பக்கங்கள்

பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே எங்களுக்கு ஒரு விதி உண்டு. பழுது இருந்தால் மட்டும் பதிவேட்டில் எழுத வேண்டும்; நேரம், இடம், என்ன பழுது, மூன்றும் வேண்டும். ஒன்றும் எழுதாத கட்டம் என்றால் எல்லாம் சரி என்று பொருள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தோழிக்கும் அதே விதிதான். இருவரும் ஒரே வாரத்தில் வேலையில் சேர்ந்தவர்கள்.

அவள் எனக்கு முன்பே தொழிற்சாலையை விட்டுவிட்டு, ஜார்ஜ் டவுனில் படகுத்துறைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தங்கும் விடுதியில், துணிகளை மடித்து அடுக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராகப் போனாள். அந்தத் தைரியத்தில்தான் அவளிடம் போய்க் கேட்டேன்.

கேட்டது எனக்காக அல்ல. பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டுப் பெண், இடைநிலைப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் கடைசி ஆண்டு. படிப்பு மெதுவாகத்தான் ஏறும். எண்ணிக்கை ஏழைத் தாண்டினால் குழம்பிவிடும். பள்ளி முடிந்ததும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக, கடைசி ஆண்டில் வாரத்துக்கு இரண்டு நாள் வெளியே வேலைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்றார் ஆசிரியை. இடத்தை வீட்டார்தான் பார்க்க வேண்டும். அவளுடைய அம்மாவுக்கு ஷிப்ட் வேலை. நான் ஓய்வில் வீட்டில்தான் இருந்தேன்; இடம் தேடும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

"கூட்டிட்டு வா லா. நல்லா செஞ்சா வேலையே போட்டுக் குடுத்திடலாம்," என்றாள் தோழி.

செவ்வாயும் வியாழனும் நானும் அந்தப் பெண்ணும் காலைப் படகில் கடலைக் கடந்து விடுதிக்குப் போவோம். தேதி அச்சிட்ட டைரி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினேன். நாள் தவறாமல் குறித்து வைப்பது என் பழக்கம். எந்தக் கடை எந்த மாதம் மூடியது, மழை எப்போது தொடங்கியது என்றெல்லாம் வீட்டில் அலமாரி நிறைய இருக்கிறது. இந்த டைரியின் முதல் குறிப்பு: "செவ்வாய், 10.20. கட்டுக்குப் பத்துத் துவாலை. ஒன்பது வைத்துக் கட்டினாள்." அடுத்தது: "செவ்வாய், 10.45. பதினொன்று."

மூன்றாவது வாரம் மேசைமேல் வெள்ளை டேப்பால் பத்துக் கட்டங்கள் ஒட்டினேன். ஒரு கட்டத்துக்கு ஒரு துவாலை. எண்ணவே வேண்டாம், கட்டம் நிறைந்தால் கட்டிவிடலாம். அன்றிலிருந்து குறிப்புகள் குறையத் தொடங்கின. ஒரு வாரத்தில் இரண்டு, மறுவாரம் ஒன்று, அப்புறம் பக்கம் பக்கமாக வெறுமை. அந்த வெறுமையைப் பார்த்து எனக்கு அவ்வளவு நிறைவு.

அந்தப் பெண்ணுக்குத்தான் குறை.

"ஆன்ட்டி, இன்னிக்கும் என்னைப் பத்தி எழுதலையா?"

"எழுத ஒண்ணுமில்லம்மா."

முகம் வாடிவிடும். நான் பேனாவை எடுத்தபோதெல்லாம் தன்னைப் பாராட்டித்தான் எழுதுகிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பயிற்சி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது தோழி அந்த டைரியைக் கேட்டாள். "நான் மட்டும் பார்த்துட்டுத் தர்றேன். மேல பேசறதுக்குக் கையில ஒண்ணு வேணும்ல?" சந்தோஷமாகக் கொடுத்தேன்.

கடைசி வியாழனன்று மேலாளர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணின் அம்மா அரைநாள் விடுப்புப் போட்டு, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தாள். மேலாளர் பக்கத்தில் தோழி; முன்னால் என் டைரி. முதல் பக்கங்களில் சிவப்பு மையில் கோடுகள். அவர் மரியாதையாகத்தான் மலாயில் பேசினார். தொடக்கத்தில் பிழைகள் அதிகம், அது பரவாயில்லை. ஆனால் கடைசி இரண்டு மாதம் பயிற்சிக்கே வரவில்லை போலிருக்கிறதே என்று வெற்றுப் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "காலியாக இருந்தால் பிழையே இல்லை என்று அர்த்தம்," என்றேன். "இவளுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர்கள்."

மேலாளர் தோழியைப் பார்த்தார். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வருகை அட்டை கிடையாது. வேறு சாட்சி எதுவும் இல்லை. தோழி சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை நேராக்கினாள்.

"எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை," என்றாள், மலாயில்.

வெளியே நடைவழியில் தோழியைப் பிடித்தேன்.

"வெறும் பக்கம்னா என்னன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"அப்புறம்?"

"ஆள் எடுக்கிறதில்லன்னு போன மாசமே முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த ஸ்கூல் பிள்ளைங்க சம்பளமில்லாம ட்ரெயினிங் வர்றாங்க, அது போதுமாம். ஸ்கூலுக்குச் சொல்ல ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தாங்க. அழகா தேதி போட்டு நீயே எழுதிக் குடுத்துட்ட."

"நீதானே கேட்டே?"

"கேக்கச் சொன்னாங்க, கேட்டேன். ரிட்டையர் ஆகற வரைக்கும் எனக்கும் இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டணும் லா."

அவ்வளவுதான். அவள் குரலில் வெட்கம்கூட இருந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

திரும்பும் படகில் அந்தப் பெண்ணின் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எம்புள்ளைய என்னன்னு நெனச்சீங்க? உங்க ஃபேக்டரிச் சாமானா, ஓட்டை உடைசல் மட்டும் பார்த்து எழுத?"

சரித்திரப் புத்தகங்கள் நிறையப் படித்தவள் நான். ஏட்டில் இல்லாத காலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நம்பிவிடும் ஆசிரியர்களை நினைத்து எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன்.

மேலாளர் திருப்பிக் கொடுத்த டைரியை அந்தப் பெண் மடியில் வைத்திருந்தாள். "ஆன்ட்டி, நான் நல்லா செஞ்சது எந்தப் பக்கம்?"

வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினேன்.

"இதுல ஒண்ணுமே இல்லியே."

டைரியை அவளே வீட்டுக்குக் கொண்டுபோனாள். நான் கேட்கவில்லை. மறுநாள் ஆசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அவரும் கேட்டார்.

தோழி தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினாள், விளக்குப் படத்தோடு. நான் பதில் போடவில்லை. அவள் அந்த வேலையை வாங்கித் தரவில்லை என்பதல்ல என் கோபம். ஞாபகம் இல்லை என்றாளே, அதுதான் ஆறவில்லை. ஒரு வாக்கியம் போதும், அந்த அறையில். முடிவு மாறாமல் போயிருக்கலாம். அந்தப் பெண் வந்தாள் என்றாவது ஆகியிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. பள்ளியும் முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் கறுப்புக் காலணியைப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் வந்து நிற்கிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். அம்மா இப்போது என்னிடம் பேசுகிறாள், குறைவாக.

போன வாரம் டைரி திரும்பி வந்தது. காலியாக இருந்த ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய பெரிய எழுத்தில் ஒரே எண்: 10. என்னுடைய பிழைக் குறிப்புகளை அவள் தொடவில்லை. நாங்கள் போகாத திங்கட்கிழமைக்கும் 10. ஞாயிற்றுக்கிழமைக்கும் 10.

தேதியில் தவறு கண்டால் திருத்தாமல் விட்டதில்லை நான். பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன்.