சுவரைப் பார்த்து இருந்த றூபினி

றூபினி என்ற பெயரை நான் முதன்முதல் கேட்டது லண்டன் வால்தம்ஸ்டோவில், ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த சுவர்ணா, "ஐயோ, கவுன்சில் றூபினி வாறாள்" என்று சொல்லி, சேலைக்குள் கிடந்த சங்கிலியை அவசரமாக வெளியே எடுத்துப் போட்டாள். மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள். கள்ளரைக் கண்டால் நகையை மறைப்பார்கள். இவளைக் கண்டு ஏன் காட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

விசாரித்தால், அவள் கரவெட்டிச் சற்குணத்தின் இளைய மகள். சற்குணம் என் ஒன்றுவிட்ட தமையனுக்குச் சகலன். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளை இரண்டு வயதில் நேர்சரிக்கு விட்டால் அந்தச் செலவை அரசாங்கம் கட்டும். எங்கள் பகுதிக் கவுன்சிலில், அதாவது நகரசபையில், அந்தத் திட்டத்தை நடத்துகிறவள் றூபினி. தமிழர் கேட்டு வருகிறார்கள் இல்லையே என்றுதான் ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பிடித்து அந்தக் கதிரையில் இருத்தினார்கள். அதோடு, முன்பு வந்துகொண்டிருந்த இரண்டொருவரும் நின்றுவிட்டார்கள். வெள்ளைக்காரனிடம் இல்லாமையைச் சொல்லலாம். அவனுக்கு எங்கள் ஊரில் யாரைத் தெரியும்? சற்குணத்தின் மகளிடம் சொல்லலாமா?

நான் அப்போது சுவர்ணா வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தேன். அவளுக்கு முதியோர் இல்லமொன்றில் உடுப்புத் தோய்க்கும் வேலை கிடைத்திருந்தது. மகன் ஆரணனுக்கு நேர்சரி இடம் கிடைத்தால்தான் அவள் போகலாம். இல்லாவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும். ஆனால் அவளுடைய மச்சாளை, புருஷன் நிஷாந்தனின் தங்கச்சியை, ஹரோவிலுள்ள றூபினியின் பெரியம்மா மகனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வாய் திறப்பாளா?

நேர்சரிக்காரி சொல்லி றூபினி தானே வீடு தேடி வந்தாள். சுவர்ணா பக்கத்து வீட்டுக் காப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, விலை கூடிய கசுக்கொட்டை வைத்து உபசரித்தாள்.

"அக்கா, நிஷாந்தன் அண்ணைக்கு என்ன வேலை?"

"இவர் மனேஜர், தங்கச்சி."

அந்நேரம் பார்த்து நிஷாந்தன் ஷிப்ட் முடிந்து, சாமான் தூக்குகிறவர்கள் போடும் மஞ்சள் ஜக்கெற்றோடு உள்ளே வந்தான்.

"மனேஜருக்கு ஏன் அக்கா பளபளக்கிற ஜக்கெற்?"

"அது… குளிருக்கு."

"கஷ்டம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அக்கா. நீங்களாச் சொல்லாமல் எனக்குப் பதிய ஏலாது. வெள்ளிக்கிழமையோட இடம் போயிடும்."

"எங்களுக்கென்ன கஷ்டம்? இன்னும் கொஞ்சம் கசுக்கொட்டை எடுங்கோ."

றூபினி வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள். "அப்ப வியாழக்கிழமை ஒபிசுக்கு வாங்கோ. நான் அங்க இருக்கமாட்டன்."

வியாழக்கிழமை ஆரணனைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மேசையில் கரெத் என்றொரு வெள்ளைக்காரப் பெடியன். அவனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அவனுக்குப் பின்னால், கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தபடி, றூபினி.

"இஞ்ச ஆர் இருக்கினம்?" என்றாள் சுவர்ணா.

"ஒருத்தரும் இல்லை," என்றது சுவர்ப் பக்கத்துக் குரல்.

சுவர்ணாவும் ஒன்றும் நடவாததுபோல் கரெத்திடம் தமிழிலேயே தொடங்கினாள். "தம்பி, இவர் வெயர்ஹவுசில பெட்டி தூக்கிறார். சம்பளம் வாடகைக்கே காணாது. காப்பும் என்ர இல்லை, ராசா." அவள் சொல்லச் சொல்ல, றூபினி சுவருக்கு இங்கிலீசில் சொன்னாள். சுவரிலிருந்து கேட்டதைக் கரெத் பதிந்தான். சுவர்ணா அழுதபோது பிஸ்கற் டின்னை அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

முடிந்ததும் கதிரை மெல்லத் திரும்பியது.

"அட, சுவர்ணா அக்கா! எப்ப வந்தனீங்கள்?"

"இப்பதான். சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள்."

வெளியே வந்தால், துளி மழையில்லாத வெயிலில் முகத்துக்கு நேரே குடை பிடித்தபடி ஒருத்தி, கையில் இரண்டு வயதுக் குழந்தையோடு. குடை என்ன செய்யும்? நடையே சொல்லிவிட்டது: றூபினியின் ஹரோப் பெரியம்மாவின் மூத்த மகள், மாப்பிள்ளையின் தமக்கை, கலியாணமாகி எங்கள் பகுதியில் இருக்கிறவள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தனான்," என்றது குடை.

"நாங்களும்," என்றாள் சுவர்ணா.

திங்கட்கிழமை ஆரணன் நேர்சரிக்குப் போனான். சுவர்ணா வேலைக்குப் போனாள். கலியாணமும் நடந்தது. இரண்டு பக்கமும் பெரிய உத்தியோகக்காரர் என்றுதான் பேச்சு.

றூபினி இப்போது லண்டனின் மற்றப் பக்கத்தில், சட்டனில் இருக்கிறாள். அங்குள்ள கவுன்சிலில் அதே வேலை, அதே சுவரைப் பார்த்த கதிரை.